ஜாவா அப்ளிகேஷன் சர்வரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதன்முறை பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் நிறுவனத்துக்கு எந்த ஜாவா அப்ளிகேஷன் சர்வர் (ஜாவாவில் எழுதிய வணிக மென்பொருளை ஏற்றி இயக்கும் அடித்தள மென்பொருள்) ஏற்றது என்று ஒப்பிட்டு அறிக்கை தரும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், இணையத்தில் தேடியதும் முதலில் கண்ணில் படுபவை வசதிகளை வரிசையாக அடுக்கி டிக் போட்ட அட்டவணைகளாகத்தான் இருக்கும். அவற்றில் ஏறக்குறைய எல்லா சர்வருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் இருப்பதால், அவற்றை எவ்வளவு நேரம் பார்த்தாலும் முடிவு பிறக்காது. முடிவைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: உங்கள் மென்பொருள் உண்மையில் எந்த வசதிகளைப் பயன்படுத்துகிறது, அது ஜாவா ஈ.ஈ. (இன்று ஜகார்த்தா ஈ.ஈ.) என்ற பொது விவரக்குறிப்பின் எந்தத் தலைமுறையில் எழுதப்பட்டிருக்கிறது, உங்கள் வன்பொருளில் உரிமம் எப்படி எண்ணப்படும். ஆரக்கிளின் வெப்லாஜிக் சர்வரிலிருந்து வேறொன்றுக்கு மாறும் பணியில் நான் இவற்றைத் தலைகீழ் வரிசையில் கற்றுக்கொண்டேன். நீங்கள் நேர்வரிசையில் போகலாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஒரு முன்குறிப்பு. ஆரக்கிள் எஸ்.ஓ.ஏ. சூட், ஆரக்கிள் ஃபார்ம்ஸ் போன்றவற்றை நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்றால் அவை வெப்லாஜிக் மீதுதான் ஓடும். அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. அதேபோல் வெளியாரிடம் வாங்கிய மென்பொருள் ஏதேனும் இருந்தால், அதை விற்றவர் எந்தெந்த சர்வர்களுக்குச் சான்றளித்திருக்கிறார் என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். கீழே உள்ள படிகள் உங்கள் நிறுவனமே எழுதிப் பராமரிக்கும் மென்பொருளுக்கானவை.

1. மென்பொருள் எதைப் பயன்படுத்துகிறது என்று பட்டியல் எடுங்கள்

நிரலாளர்களிடம் கேட்டு எழுதும் பட்டியலை நம்ப வேண்டாம். பத்தாண்டு பழைய மென்பொருளில் என்னென்ன இருக்கிறது என்று இன்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு முழுமையாகத் தெரிந்திருக்காது. மூல நிரலில் இறக்குமதி வரிகளைத் தேடி எடுங்கள். அதோடு உற்பத்திச் சூழலில் இப்போது ஓடும் சர்வரின் கட்டமைப்புக் கோப்புகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டும்:

ஈ.ஜே.பி. (சர்வரே நிர்வகிக்கும் வணிக நிரல் கூறுகள்) இருக்கிறதா, இருந்தால் அதை வேறொரு சர்வரிலிருந்து தொலைவழியாக யாராவது அழைக்கிறார்களா? ஒரே பரிவர்த்தனைக்குள் இரண்டு தரவுத்தளங்களோ, ஒரு தரவுத்தளமும் ஒரு செய்தி வரிசையும் சேர்ந்தோ எழுதப்படுகின்றனவா, அதாவது எக்ஸ்.ஏ. பரிவர்த்தனை தேவையா? ஜே.எம்.எஸ். (மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஜாவா முறை) செய்தி வரிசை சர்வருக்குள்ளேயே ஓடுகிறதா, ஐ.பி.எம். எம்.க்யூ. போல வெளியே இருக்கிறதா? ஒரு சர்வர் விழுந்தால் பயனரின் செஷன் (உள்நுழைந்த பயனரைப் பற்றி சர்வர் நினைவில் வைத்திருக்கும் நிலை) மற்றொன்றில் தொடர வேண்டுமா? உள்நுழைவை சர்வரின் பாதுகாப்பு அடுக்கு பார்த்துக்கொள்கிறதா, மென்பொருளே பார்த்துக்கொள்கிறதா? வெப்லாஜிக், ஐ.பி.எம்.மின் வெப்ஸ்பியர், ரெட் ஹாட்டின் ஜேபாஸ் ஆகியவற்றுக்கே உரிய வகுப்புகளை நேரடியாக அழைக்கும் வரிகள் எத்தனை?

இவற்றில் தொலைவழி ஈ.ஜே.பி., எக்ஸ்.ஏ. ஆகிய இரண்டும்தான் அதிகச் செலவு வைப்பவை. தொலைவழி அழைப்புக்கு வெப்லாஜிக் டி3 என்ற தன் சொந்த நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. ஜேபாஸின் இலவச வடிவமான வைல்ட்ஃப்ளைக்கு வேறொன்று இருக்கிறது. சர்வரை மாற்றினால் அதை அழைக்கும் மறுமுனை மென்பொருளையும் மாற்ற வேண்டும், அந்த மறுமுனை பெரும்பாலும் வேறொரு துறையின் கையில் இருக்கும். இதைத் திட்டத்தின் நடுவில் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

பட்டியல் முடிந்ததும் பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு வியப்பு காத்திருக்கும்: முழு வசதி கொண்ட சர்வருக்குப் பணம் கட்டி, அதில் சர்வ்லெட்டையும் (வலைக் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா வகுப்பு) தரவுத்தள இணைப்புத் தொகுப்பையும் மட்டுமே பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் உங்களுக்கு இலவசமான, எளிய டாம்கேட் சர்வர் போதும். மூன்றாம் படியில் பாதி வேலை குறைந்துவிடும்.

2. ஜாவாஎக்ஸா, ஜகார்த்தாவா என்று முடிவு செய்யுங்கள்

ஜாவா ஈ.ஈ. ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குச் சென்ற பிறகு, 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா ஈ.ஈ. 9-இல் தொகுப்புப் பெயர்கள் அனைத்தும் 'ஜாவாஎக்ஸ்' என்ற தொடக்கத்திலிருந்து 'ஜகார்த்தா' என்ற தொடக்கத்துக்கு மாறின. இதனால் சர்வர்கள் இரண்டு கரைகளில் நிற்கின்றன. ஜாவா ஈ.ஈ. 8 வரையிலும் ஜகார்த்தா ஈ.ஈ. 8-லும் பழைய பெயர். 9 முதல் புதிய பெயர். பழைய பெயரில் தொகுக்கப்பட்ட வார் கோப்பு (சர்வரில் நிறுவும் மென்பொருள் பொதி) புதிய கரை சர்வரில் அப்படியே ஓடாது.

எந்தப் பதிப்பு எந்தக் கரை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாம்கேட் 9 பழையது, 10.1 ஜகார்த்தா 10-க்கும் 11 ஜகார்த்தா 11-க்கும் உரியவை. ஜேபாஸ் ஈ.ஏ.பி. 7.4 பழையது, 2024 பிப்ரவரியில் வந்த 8.0 புதியது. வைல்ட்ஃப்ளை 27 முதல் புதிய பெயர் மட்டுமே. வெப்லாஜிக் 12.2.1.4, 14.1.1, 14.1.2 மூன்றும் பழைய கரையிலேயே உள்ளன, 15.1.1-இல்தான் ஜகார்த்தா 9.1 வருகிறது. மரபுவழி வெப்ஸ்பியர் 9.0.5 ஜாவா ஈ.ஈ. 7-உடன் நின்றுவிட்டது, ஜாவா 8-க்கு மேல் ஏறவும் ஏறாது. பயாரா 5 பழையது, 6 புதியது. ஐ.பி.எம்.மின் புதிய சர்வரான லிபர்ட்டி மட்டும் விதிவிலக்கு: ஒரே நிறுவலில் பழைய, புதிய இரண்டு தலைமுறை வசதிகளும் இருக்கின்றன, எந்தத் தலைமுறை வேண்டும் என்பதை ஒவ்வொரு சர்வரின் கட்டமைப்புக் கோப்பிலும் தனித்தனியே சொல்லிக்கொள்ளலாம். பல மென்பொருள்களை ஒவ்வொன்றாக மாற்றப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. வசதி அட்டவணைகளில் இதற்கு ஒரு கட்டம்கூட ஒதுக்குவதில்லை.

இங்கே மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, எல்லா 'ஜாவாஎக்ஸ்' பெயர்களும் மாறவில்லை. தரவுத்தளத்துக்கான ஜாவாஎக்ஸ்.எஸ்க்யூஎல், பெயர்த் தேடலுக்கான ஜாவாஎக்ஸ்.நேமிங் போன்றவை ஜாவாவின் அடிப்படைப் பகுதியைச் சேர்ந்தவை. அவை அப்படியே இருக்கும். பரிவர்த்தனைத் தொகுப்பு ஜகார்த்தாவுக்குப் போய்விட்டது, ஆனால் அதற்குள்ளிருக்கும் எக்ஸ்.ஏ. துணைத் தொகுப்பு பழைய பெயரிலேயே நிற்கிறது. எடிட்டரில் 'கண்டுபிடித்து மாற்று' கட்டளையை ஒரே வீச்சில் கொடுத்தால் நிரல் உடையும். இதற்கென்றே டாம்கேட் குழுவின் இடமாற்றக் கருவி, எக்லிப்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், ஓப்பன்ரீரைட் ஆகியவை இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, பிழைச் செய்தியே வராமல் தோற்பது. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா நிரலாக்கச் சட்டகத்தின் 2-ஆம் பதிப்பில் கட்டிய வார் கோப்பை டாம்கேட் 10-இல் போட்டால், சர்வர் அமைதியாகத் தொடங்கும், கோப்பு விரிக்கப்படும், பதிவேட்டில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் எந்த முகவரியைத் தட்டினாலும் 404 மட்டுமே வரும். பழைய பெயரிலுள்ள தொடக்க வகுப்பைப் புதிய சர்வர் கண்டுகொள்வதே இல்லை என்பதுதான் காரணம். ஸ்பிரிங் பூட் 3 ஜாவா 17-ஐயும் ஜகார்த்தா பெயர்களையும் கட்டாயமாக்குகிறது. ஆகவே ஸ்பிரிங் பதிப்பையும் சர்வர் பதிப்பையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஜாவா பதிப்பு. ஜாவா 8-இலிருந்து 11-க்குத் தாண்டும்போது எக்ஸ்.எம்.எல். பிணைப்புக்கான ஜாக்ஸ்-பி, சோப் சேவைக்கான ஜாக்ஸ்-டபிள்யூ.எஸ்., கோர்பா ஆகியவை ஜாவாவிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டன. முழு வசதி சர்வர்களில் பெரும்பாலானவை முதல் இரண்டையும் தாமே தருகின்றன. டாம்கேட்டில் அவற்றை நீங்கள்தான் நூலகமாகச் சேர்க்க வேண்டும்.

ஜாவா பதிப்பைப் பற்றிப் பேசும்போதே ஜாவாவின் உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். சர்வர் இலவசம் என்று மகிழ்ந்து, அதன் அடியில் ஆரக்கிள் ஜே.டி.கே.யை (ஆரக்கிள் தரும் ஜாவாவை) நிறுவிவிட்டால் செலவு வேறு வாசல் வழியாக நுழையும். 2019 ஏப்ரல் நடுப்பகுதி முதல் வந்த ஆரக்கிள் ஜாவா 8 புதுப்பிப்புகள் வணிகப் பயன்பாட்டுக்கு இலவசம் அல்ல. 2023 ஜனவரி முதல் ஆரக்கிளின் ஜாவா சந்தா சர்வர் எண்ணிக்கையை வைத்து அல்லாமல் நிறுவனத்தின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எக்லிப்ஸ் டெமுரின் போன்ற ஓப்பன்ஜே.டி.கே. கட்டுமானங்களைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் இல்லை. வெப்லாஜிக் உரிமத்துடன் வரும் ஜாவா உரிமையும் வெப்லாஜிக்கை ஓட்ட மட்டுமே செல்லும். அதே இயந்திரத்தில் வேறொரு ஜாவா நிரலை அதில் ஓட்டினால் அது தனிக் கணக்கு.

3. வேட்பாளர்களை மூன்றாகச் சுருக்குங்கள்

எட்டு சர்வர்களை ஒப்பிட முயன்றால் எதையும் ஆழமாகச் சோதிக்க முடியாது. முதல் படியின் பட்டியலை வைத்து இப்படி வடிகட்டலாம்.

சர்வ்லெட், ஜே.எஸ்.பி., தரவுத்தள இணைப்பு இவ்வளவுதான் என்றால் டாம்கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெட்டியும் நல்லதுதான், ஆனால் தெரிந்த ஆட்கள் எளிதாகக் கிடைப்பது டாம்கேட்டுக்கே. டாம்கேட்டில் ஈ.ஜே.பி. இல்லை, செய்தி வரிசை இல்லை, எக்ஸ்.ஏ. பரிவர்த்தனை மேலாளர் இல்லை. கடைசியது மட்டும் தேவைப்பட்டால் நாராயணா, அட்டாமிகோஸ் போன்ற ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். முடியும், ஆனால் நள்ளிரவில் ஒரு பரிவர்த்தனை பாதியில் தொங்கினால் யாரிடம் கேட்பது என்பதற்கு விடை இல்லாமல் போகும். எக்ஸ்.ஏ. வேண்டுமென்றால் முழு சர்வருக்குப் போய்விடுவதே என் பரிந்துரை.

உள்ளூர் ஈ.ஜே.பி., சி.டி.ஐ. (நிரல் கூறுகளைத் தானாக இணைக்கும் வசதி) அளவில் தேவை இருந்தால், டாம்கேட் பழக்கம் உள்ளவர்களுக்கு டாம்ஈஈ பொருந்தும். முழு வசதியும் வேண்டுமென்றால் வைல்ட்ஃப்ளை அல்லது அதன் கட்டண வடிவமான ஜேபாஸ் ஈ.ஏ.பி., ஓப்பன் லிபர்ட்டி அல்லது அதன் கட்டண வடிவமான வெப்ஸ்பியர் லிபர்ட்டி, பயாரா ஆகிய மூன்று குடும்பங்களிலிருந்து இரண்டை எடுங்கள். கிளாஸ்ஃபிஷுக்கு வணிக ஆதரவு தருவதை நிறுத்துவதாக ஆரக்கிள் 2013-இலேயே அறிவித்துவிட்டது. அதன் வழிவந்த பயாராவே நிறுவனப் பயன்பாட்டுக்கு ஏற்றது.

ஏற்கெனவே வெப்லாஜிக்கிலோ மரபுவழி வெப்ஸ்பியரிலோ இருப்பவர்கள், 'இருந்த இடத்திலேயே இருப்பது' என்பதையும் மூன்றில் ஒரு வேட்பாளராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மரபுவழி வெப்ஸ்பியர் 8.5.5, 9.0.5 ஆகியவற்றுக்குக் குறைந்தது 2030 வரை ஆதரவு தருவதாக ஐ.பி.எம். அறிவித்திருக்கிறது. மூடப்போகும் மென்பொருளுக்கு இடமாற்றச் செலவு செய்வதைவிட இருப்பதே மேல்.

இலவச வடிவத்துக்கும் கட்டண வடிவத்துக்கும் உள்ள வேறுபாடு வசதியில் இல்லை, காலத்தில் இருக்கிறது. வைல்ட்ஃப்ளைக்கு ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு புதிய பெரும் பதிப்பு வருகிறது. அடுத்தது வந்ததும் முந்தையதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களை எதிர்பார்க்க முடியாது. ஆகவே இலவச வைல்ட்ஃப்ளையை உற்பத்தியில் வைப்பது என்றால் ஒவ்வொரு காலாண்டும் பதிப்பேற்றத்துக்குத் தயார் என்று பொருள். உங்கள் மாற்ற ஒப்புதல் குழு ஆண்டுக்கு இரண்டு முறைதான் கூடுகிறது என்றால் ஈ.ஏ.பி. சந்தா வாங்குங்கள். பயாரா சமூகப் பதிப்பின் நிலையும் ஏறக்குறைய இதேதான். லிபர்ட்டி நான்கு வாரத்துக்கு ஒரு முறை வந்தாலும், பழைய கட்டமைப்புக் கோப்பு புதியதிலும் மாறாமல் ஓடும் என்ற உறுதிமொழியோடு வருவதால் பதிப்பேற்றம் கடினமில்லை. டாம்கேட்டின் ஒவ்வொரு பெரும் பதிப்பும் பல ஆண்டுகள் பராமரிக்கப்படுகிறது, ஆனால் 8.5 பதிப்பின் ஆதரவு 2024 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது, அதில் இருப்பவர்கள் மாறியே ஆக வேண்டும்.

4. உரிமச் செலவை உங்கள் வன்பொருளில் கணக்கிடுங்கள்

விற்பனையாளர் தரும் விலையை வாங்கி அட்டவணையில் போட்டுவிடாதீர்கள். எதை எண்ணுகிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் படியில்தான் லட்சங்கள் கோடிகளாக மாறுகின்றன.

வெப்லாஜிக் மூன்று வடிவங்களில் வருகிறது. ஆரக்கிளின் வெளியிடப்பட்ட விலைப்பட்டியலில் ஒரு ப்ராசஸர் உரிமத்துக்கு ஸ்டாண்டர்ட் 10,000 டாலர், எண்டர்பிரைஸ் 25,000 டாலர், சூட் 45,000 டாலர். இதன் மேல் ஆண்டுதோறும் 22 விழுக்காடு ஆதரவுக் கட்டணம். தள்ளுபடி கேட்டால் கிடைக்கும். ஆனால் ஆதரவுக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு தொடரும் என்பதால் ஐந்தாண்டு மொத்தத்தைப் போட்டுப் பாருங்கள். ஸ்டாண்டர்டில் கிளஸ்டர் (பல சர்வர்கள் ஒரே குழுவாக ஓடும்) வசதிக்கு உரிமை இல்லை. மென்பொருள் உங்களைத் தடுக்காது, கிளஸ்டர் அமைந்துவிடும், ஆண்டுகள் ஓடும், தணிக்கை வரும்போதுதான் எண்டர்பிரைஸ் விலை கேட்கப்படும். செஷன் தொடர வேண்டும் என்று முதல் படியில் எழுதியிருந்தால் 10,000 டாலர் வரியை அடித்துவிடுங்கள்.

எண்டர்பிரைஸில் 'ப்ராசஸர்' என்பது கோர்களின் எண்ணிக்கையை ஒரு காரணியால் பெருக்கி வருவது, இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகளுக்கு அந்தக் காரணி 0.5. எட்டு கோர் கொண்ட தனி இயந்திரம் ஒன்றுக்கு நான்கு உரிமம், 1,00,000 டாலர். இப்போது அதே எட்டு கோரை விஎம்வேர் மெய்நிகர் இயந்திரமாக, தலா 32 கோர் கொண்ட நான்கு இயந்திரங்களின் தொகுதியில் வைத்தால் என்ன ஆகும்? இயந்திரத்தைப் பிரித்துப் பயன்படுத்துவது பற்றிய ஆரக்கிளின் கொள்கைப்படி விஎம்வேரின் பிரிப்பு ஏற்கத்தக்கதல்ல. மெய்நிகர் இயந்திரம் நகரக்கூடிய எல்லா இயந்திரங்களின் எல்லாக் கோர்களும் எண்ணப்படும். 128 கோர், 64 உரிமம், 16 லட்சம் டாலர், அதன் மேல் ஆண்டுக்கு 3,52,000 டாலர் ஆதரவு. அந்தக் கொள்கை ஆவணம் ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கிறது, வழக்கறிஞர்கள் அதை வைத்து வாதாடுவார்கள். ஆனால் வாதாடும் நிலைக்குப் போகாமல் வெப்லாஜிக்குக்கென இயந்திரங்களைத் தனியே ஒதுக்கிவிடுவது மலிவு. அமேசான், அஜூர் மேகங்களில் கணக்கு வேறு: ஹைப்பர்த்ரெடிங் உள்ள இடத்தில் இரண்டு மெய்நிகர் சி.பி.யு.வுக்கு ஓர் உரிமம், 0.5 காரணி அங்கே பொருந்தாது.

வெப்ஸ்பியர் குடும்பத்தில் பி.வி.யு. என்ற உரிம அலகு உண்டு. இரண்டு சாக்கெட் கொண்ட வழக்கமான இன்டெல் சர்வரில் ஒரு கோருக்கு 70 அலகு. மெய்நிகர் இயந்திரத்துக்கு மட்டும் எண்ணிக்கொள்ள ஐ.பி.எம். அனுமதிக்கிறது, ஆனால் அதற்கு அவர்களுடைய உரிம அளவீட்டுக் கருவியை 90 நாளுக்குள் நிறுவி, காலாண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கை எடுத்து, இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கருவி இலவசம். அதை நிறுவாமல் விட்டால் முழு இயந்திரத்துக்கும் கட்டணம். இந்தக் கருவிக்குப் பொறுப்பானவர் யார் என்று பெயர் குறித்து எழுதி வையுங்கள். சர்வர் குழு, உரிமக் குழு இரண்டும் ஒன்றை ஒன்று கைகாட்டும் வேலை இது.

ஜேபாஸ் ஈ.ஏ.பி.யில் நிரந்தர உரிமம் கிடையாது. கோர் எண்ணிக்கையின்படி சந்தா மட்டுமே. பயாராவும் சந்தாதான். டாம்கேட்டுக்குக் கட்டணம் இல்லை. வெளி நிறுவனங்களிடமிருந்து ஆதரவு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தியாவில் வாங்குவோர் டாலர் மதிப்பு ஏறும் வாய்ப்பையும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கியாக இருந்து, உள்ளீட்டு வரி வரவில் பாதியை மட்டும் எடுக்கும் முறையைத் தேர்ந்திருந்தால் மீதிப் பாதி உங்கள் செலவுதான். நிதித்துறையிடம் கேட்டுக் கணக்கில் ஏற்றுங்கள்.

சோதனை, பேரிடர் மீட்பு மையம் ஆகியவற்றின் சர்வர்களையும் எண்ண மறக்காதீர்கள். நிரலாளர் உரிமம் இலவசமாகக் கிடைத்தாலும் அது நிரல் எழுதவும் முன்மாதிரி காட்டவும்தான். பயனர் ஏற்புச் சோதனைக்கு அது செல்லுமா என்பதை உரிம வாசகத்தில் படித்துப் பாருங்கள்.

5. எழுத்தில் வாங்க வேண்டிய ஆவணங்கள்

விற்பனைக் கூட்டத்தில் சொன்னது எதுவும் கணக்கில்லை. கையெழுத்துக்கு முன் இவை கோப்பில் இருக்க வேண்டும்: நீங்கள் வாங்கும் பதிப்பின் ஆதரவு முடியும் தேதி கொண்ட வாழ்நாள் ஆவணம், உங்கள் இயங்குதளம், ஜாவா, தரவுத்தள இயக்கி ஆகியவற்றின் துல்லியமான பதிப்புகள் இடம்பெற்ற ஆதரவு அட்டவணை, உங்கள் வன்பொருளின் வரைபடத்தை இணைத்து, எத்தனை உரிமம் தேவை என்று விற்பவரே எழுதித் தரும் கடிதம், தணிக்கைப் பிரிவின் முழு வாசகம், முதல் நிலைக் கோளாறுக்கு எத்தனை மணி நேரத்தில் பதில், அது எந்த நேர மண்டலத்தில் என்ற விவரம்.

கடிதம் தர விற்பவர் தயங்குவார். ஓர் இடைத்தரகு நிறுவனம் 'மின்னஞ்சலில் உறுதி செய்கிறோம்' என்று எங்களைக் காலாண்டு முடியும்வரை இழுத்தடித்தது. காலாண்டுக் கடைசியில் தள்ளுபடி கூடும் என்பது உண்மை. அதே அவசரத்தில் இணைப்பு ஆவணங்கள் விடுபடும் என்பதும் உண்மை.

6. ஒரே அளவுகோலில் சோதியுங்கள்

மூன்று வேட்பாளர்களிலும் உங்கள் மென்பொருளையே நிறுவி அளக்க வேண்டும். மாதிரி நிரல் உதவாது. இங்கே முக்கியமானது இயல்பு மதிப்புகளைச் சமன்படுத்துவது. தரவுத்தள இணைப்புத் தொகுப்பின் உச்ச அளவு டாம்கேட்டின் இயல்பான தொகுப்பில் 8, வெப்லாஜிக்கில் 15, வைல்ட்ஃப்ளையில் 20, லிபர்ட்டியில் 50. எதையும் மாற்றாமல் சுமை ஏற்றினால் லிபர்ட்டி வேகமாகவும் டாம்கேட் மந்தமாகவும் தெரியும். நீங்கள் அளந்தது சர்வரை அல்ல, இந்த நான்கு எண்களை. இணைப்பு எண்ணிக்கை, வேலை த்ரெட் எண்ணிக்கை, ஹீப் (ஜாவா பொருள்களுக்கான நினைவகம்) அளவு, ஜாவா பதிப்பு, குப்பை சேகரிப்பான் ஆகிய ஐந்தையும் எல்லாவற்றிலும் ஒன்றாக வைத்த பிறகே சுமைச் சோதனையைத் தொடங்குங்கள். அப்படிச் செய்தால் வழக்கமான வணிக மென்பொருளில் சர்வர்களுக்கிடையே வேக வேறுபாடு மிகச் சிறியதாகவே இருக்கும். நேரம் பெரும்பாலும் தரவுத்தளத்தில்தான் செலவாகிறது. வேகத்தை வைத்து சர்வரைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லும் அறிக்கைகளை நான் இப்போதெல்லாம் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

வேகத்தைவிட இவற்றைப் பார்ப்பதே பயன் தரும். சுமையின் நடுவே ஒரு சர்வரை வலுக்கட்டாயமாக நிறுத்திவிட்டு, பயனரின் செஷன் தொடர்கிறதா என்று பாருங்கள். செஷனில் வைத்த ஏதோ ஒரு பொருள் சீரியலைஸ் ஆகாததால் (வேறு சர்வருக்கு அனுப்பத்தக்க வடிவுக்கு மாறாததால்) தோற்பது வழக்கம். டாம்கேட்டின் இயல்பான செஷன் பகிர்வு ஒவ்வொரு செஷனையும் கிளஸ்டரின் எல்லா சர்வருக்கும் அனுப்பும்; இரண்டு மூன்று சர்வர் வரை சரி, எண்ணிக்கை கூடினால் வேறு மேலாளருக்கு மாற வேண்டும். தரவுத்தளத்தை ஐந்து நிமிடம் நிறுத்தி எழுப்புங்கள். இணைப்புத் தொகுப்பு தானாக மீள்கிறதா, சர்வரை மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறதா? மென்பொருளை நிறுத்தாமல் பத்து முறை மறுநிறுவல் செய்து நினைவகம் கசிகிறதா என்று பாருங்கள்.

நூலக மோதல் இந்தக் கட்டத்தில்தான் வெளிப்படும். முழு வசதி சர்வர்கள் தமக்கென்று பல நூலகங்களை வைத்திருப்பதால், உங்கள் வார் கோப்பில் உள்ள பதிப்புக்கு முன் சர்வரின் பதிப்பு ஏற்றப்படலாம். வெப்லாஜிக்கிலும் வெப்ஸ்பியரிலும் 'என்னுடையதை முதலில் எடு' என்று சொல்லக் கட்டமைப்பு இருக்கிறது; ஜேபாஸில் எந்தத் தொகுதியை விலக்க வேண்டும் என்று தனிக் கோப்பில் எழுத வேண்டும். சோதனைக் காலத்தில் கணிசமான பங்கை இது விழுங்கும், அதற்கு நேரம் ஒதுக்கி வையுங்கள்.

கண்டெய்னரில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். ஜாவா தனக்குக் கிடைத்த நினைவகத்தில் கால் பங்கை மட்டுமே இயல்பாக ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளும், 2 ஜி.பி. கண்டெய்னரில் ஹீப் வெறும் 512 எம்.பி. இதை மாற்றாமல் 'நினைவகம் போதவில்லை' என்று கண்டெய்னரைப் பெரிதாக்கிக்கொண்டே போவது வீண் செலவு. மற்றொன்று, எக்ஸ்.ஏ. பரிவர்த்தனைப் பதிவேடு. அது கண்டெய்னரின் தற்காலிக வட்டில் இருந்தால், கண்டெய்னர் மடியும்போது முடிவாகாத பரிவர்த்தனைகளின் தடயமும் மடியும். தரவுத்தளத்தில் பூட்டுகள் மட்டும் மிஞ்சும். நிலையான வட்டில் வையுங்கள்.

7. பேட்ச் போடுவது எவ்வளவு எளிது என்று பாருங்கள்

ஆரக்கிள் தன் பாதுகாப்புத் திருத்தங்களை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் மூன்றாம் செவ்வாயன்று வெளியிடுகிறது. 2020 அக்டோபர் தொகுப்பில் சரிசெய்யப்பட்ட வெப்லாஜிக் நிர்வாகத் திரைக் குறை, கடவுச்சொல்லே இல்லாமல் சர்வரைக் கைப்பற்ற விட்டது. திருத்தம் வெளியான சில நாள்களிலேயே தாக்குதல்கள் தொடங்கின. ஆகவே 'அடுத்த காலாண்டில் போட்டுக்கொள்ளலாம்' என்பது திட்டமாகாது. ஒவ்வொரு வேட்பாளரிலும் ஒரு பேட்சைப் போட்டு, பின்வாங்கி, மறுபடி போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த சர்வராக இருந்தாலும் நிர்வாக வாயிலைப் பொதுவலையிலிருந்து பிரியுங்கள். வெப்லாஜிக்கில் இயல்பாக நிர்வாகத் திரையும் மென்பொருளும் டி3-யும் 7001 என்ற ஒரே போர்ட்டில் இருக்கும். நிர்வாகத்துக்குத் தனிப் போர்ட்டை இயக்கி, வெளியிலிருந்து டி3-ஐத் தடுத்துவிட வேண்டும். வைல்ட்ஃப்ளையின் 9990 உள்ளூருக்கு மட்டும் திறந்திருக்கும், அதை வசதிக்காக எல்லா முகவரிக்கும் திறந்துவிடாதீர்கள். பழைய டாம்கேட் கட்டமைப்பை அப்படியே எடுத்து வருகிறவர்கள் 8009 என்ற ஏ.ஜே.பி. (முன்னால் நிற்கும் வலை சர்வருடன் பேசும் நெறிமுறை) போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்; 2020-இல் 'கோஸ்ட்கேட்' என்று பேசப்பட்ட குறை அதன் வழியாகத்தான் வந்தது.

8. கால அட்டவணையைப் புதுப்பிப்புத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

இப்போதைய சர்வரின் ஆதரவு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் தேதியே உங்கள் உண்மையான கெடு. அதற்குள் மாறி முடிக்கவில்லை என்றால் இன்னோர் ஆண்டுக் கட்டணம் கட்டியாக வேண்டும். 'எப்படியும் மாறப்போகிறோமே' என்று ஆதரவைக் காலாவதியாக விட்டுவிட்டு, திட்டம் இழுத்ததும் திரும்பிப் போகிறவர்களிடம் ஆரக்கிள் விட்ட காலத்துக்கு முந்தைய ஆதரவுக் கட்டணத்தின் 150 விழுக்காட்டு விகிதத்தில் மீட்புக் கட்டணம் கேட்கும்.

சர்வ்லெட் மட்டும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளை, அதே கரையில் உள்ள டாம்கேட்டுக்கு மாற்ற ஒரு மாதத்தை ஒதுக்கினால் போதுமானது. பெயர் மாற்றமும் ஜாவா பதிப்பேற்றமும் சேர்ந்து வந்தால் ஒரு காலாண்டு. தொலைவழி ஈ.ஜே.பி., எக்ஸ்.ஏ., சர்வருக்குள் செய்தி வரிசை மூன்றும் இருந்தால் அரையாண்டுக்குக் குறைவாக ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தக் காலங்கள் தொழில்நுட்ப வேலைக்கு மட்டும். கொள்முதல் ஒப்புதல், பாதுகாப்புத் தணிக்கை, பயனர் ஏற்பு ஆகியவை தனியே சேரும், பெரிய நிறுவனங்களில் அவையே கூடுதல் நேரம் எடுக்கும். சர்வர் மாற்றம், பெயர் மாற்றம், ஜாவா மாற்றம் மூன்றையும் ஒரே வாரயிறுதியில் செய்யத் திட்டமிட வேண்டாம். முடிந்தால் முதலில் பழைய கரையிலேயே புதிய சர்வருக்குப் போய், அங்கே ஜாவா 17-க்கு ஏறி, கடைசியில் பெயரை மாற்றுங்கள்; டாம்கேட் 9, லிபர்ட்டி இரண்டிலும் இந்த வழி திறந்திருக்கிறது.

மாறும் நாளில் பழைய சர்வரை உடனே அணைத்துவிடாதீர்கள். புதிய கோரிக்கைகளை நிறுத்தி, செய்தி வரிசைகள் காலியாகும்வரை ஓடவிட்டு, முடிவாகாத எக்ஸ்.ஏ. பரிவர்த்தனை ஒன்றும் இல்லை என்று தரவுத்தளத்தின் பக்கத்திலிருந்தும் சரிபார்த்த பிறகு அணையுங்கள். அதன் கட்டமைப்பையும் பரிவர்த்தனைப் பதிவேட்டையும் குறைந்தது ஒரு மாதக் கணக்கு முடிவு கடக்கும்வரை அழிக்காமல் வையுங்கள். உரிமத்தை விலக்கிக்கொள்ளும் கடிதத்தை அதன் பிறகு அனுப்பலாம். ஆனால் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தத் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.